‘போயிட்டு வர்றேன்’ என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?

மாட்ரிட்டில் நான் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட்டில் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை, மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு ஏறினார். உள்ளே நானும் ஒரு கூரியர் பையனும்தான். தரைத்தளம் வந்ததும் அவர் “ஆஸ்தா லுவேகோ” என்று சொல்லிவிட்டு இறங்கினார். கூரியர் பையன் அந்த நொடியே “ஆஸ்தா லுவேகோ” என்றான். நான் பேசாமல் நின்றேன். அவருக்கு எங்கள் இருவரையும் தெரியாது. யாரிடம் விடைபெறுகிறார் என்றே எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் போன பிறகுதான் விளங்கியது. ஸ்பெயினில் ஒரே லிஃப்ட்டில் நின்றவர்கள், ஒரே கடையில் வரிசையில் நின்றவர்கள், டாக்டரைப் பார்க்க ஒரே அறையில் காத்திருந்தவர்கள் என்று எல்லாரும் பிரியும்போது ஒரு சொல் சொல்வார்கள். முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் தெரியாதவர்களிடம் விடைபெறும் வழக்கம் இல்லாததால், புதிதாகப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அங்கே அதை முகம் திருப்பிக்கொண்டு போவதாக எடுத்துக்கொள்வார்கள்.

பாடப் புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே ‘ஓலா’ என்றால் வணக்கம், ‘அதியோஸ்’ என்றால் போய்வருகிறேன் என்று முடித்துவிடும். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. அங்கெல்லாம் தெருவில், அலுவலகத்தில், போனில் மனிதர்கள் பிரியும்போது சொல்வதைக் கவனித்தால் ‘அதியோஸ்’ நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு வராது. வேறு சொற்கள்தான் அதிகம் வரும். படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்காக, எதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற வரிசையில் அவற்றை எழுதுகிறேன்.

முதலில் வாயில் வர வேண்டும்

தயவுசெய்து ஆங்கிலத்தின் வழியாக இந்தச் சொற்களைப் படிக்காதீர்கள். ஸ்பானிஷ் ஒலிகளில் பல நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன.

‘ஆஸ்தா’வில் வரும் ‘தா’ நாக்கு பல்லைத் தொட்டு வரும் நம்முடைய ‘த’தான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை ‘ட’ பக்கம் இழுத்துவிடுவார்கள். சொல்லின் தொடக்கத்தில் ஓர் ‘எச்’ எழுதியிருக்கும், ஆனால் அது ஒலிக்காது. அதனால் ‘ஹஸ்தா’ என்று சொல்லிவிட வேண்டாம். ‘அதியோஸ்’ என்பதில் உள்ள ‘தி’, நாம் ‘அது’, ‘இது’ என்னும்போது நடுவில் மெலிந்து வருகிற அதே த. ‘லுவேகோ’வின் ‘கோ’வையும் ‘மகன்’ என்பதில் உள்ள ‘க’ போல மெல்லச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது ‘மஞானா’. நாளை என்று பொருள். அதிலிருக்கும் ‘ஞா’, ஞாயிறு, ஞானம் என்பவற்றில் உள்ள அதே ஞா. மற்ற நாட்டு மாணவர்கள் ‘மன்-யா-னா’ என்று இரண்டாக உடைத்துத் திணறும்போது தமிழ் பேசும் பிள்ளை முதல் முறையிலேயே சரியாகச் சொல்லிவிடும்.

இன்னும் இரண்டு குறிப்புகள். இந்தக் கட்டுரையில் ‘த்த’ என்று இரட்டித்திருந்தால் ‘பத்து’வில் வருவது போல அழுத்திச் சொல்லுங்கள். ‘புவேனோ’, ‘ப்யென்’ போன்ற சொற்களின் தொடக்கத்தில் உள்ள ‘ப’வுக்கு ‘பஸ்’ என்னும்போது வருகிற ஒலி. அசை அழுத்தத்தையும் கவனியுங்கள்: ‘அதியோஸ்’ கடைசியில் அழுந்தும், ‘மஞானா’ நடுவில், ‘ஆஸ்தா’ முதலில்.

முதல் வாரத்துக்கு ஒரே சொல்: ஆஸ்தா லுவேகோ

முதல் வாரம் முழுக்க இந்த ஒன்றை வைத்தே சமாளிக்கலாம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பிறகு வரை’. நம் ‘அப்புறம் பார்க்கலாம்’ மாதிரி. ஆனால் மறுபடி பார்க்கப் போகிறோமா இல்லையா என்பது இதில் கணக்கே இல்லை. வாழ்நாளில் இனி பார்க்கவே போகாத டாக்சி ஓட்டுநரிடமும் சொல்லலாம், பத்து நிமிடத்தில் திரும்பிப் பார்க்கப் போகும் பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லலாம். மரியாதைக் குறைவும் இல்லை, மிகையான மரியாதையும் இல்லை.

என் தெருமுனை பேக்கரியில் காலை எட்டு மணிக்கு நின்றால் போதும், பாடம் நடந்துவிடும். ஒருவர் நீள ரொட்டி ஒன்று வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவார். கடைக்கார அம்மா “பேங்கா, ஆஸ்தா லுவேகோ” என்பார். ‘பேங்கா’ என்றால் ‘வா’ என்று பொருள் வரும், ஆனால் அங்கே அது நம் ‘சரி’தான். போகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டே “தாலுவேகோ” என்பார். வரிசையில் நிற்பவர்களில் இரண்டு பேரும் சேர்ந்து முணுமுணுப்பார்கள். வேகப் பேச்சில் முதல் ‘ஆஸ்’ விழுந்துவிடும். சிலர் வாயில் ‘தாலோகோ’ என்றே ஆகிவிடும். நீங்கள் முழுதாகச் சொன்னால் போதும், ஆனால் குறைத்துச் சொன்னாலும் காது பிடிக்க வேண்டும்.

ஆஸ்தா என்னும் அச்சு

இரண்டாம் வாரம் இதற்கு வாருங்கள். ‘ஆஸ்தா’ என்றால் ‘வரை’. ஸ்பெயினின் பெரும்பகுதி 711 முதல் பல நூற்றாண்டுகள் அரபு பேசும் ஆட்சியில் இருந்தபோது, அரபியில் அதே பொருள் தரும் ‘ஹத்தா’ என்ற சொல்லிலிருந்து ஸ்பானிஷுக்குள் வந்தது. இதன் பின்னால் அடுத்த சந்திப்பின் நேரத்தை வைத்தால் விடைபெறும் வாக்கியம் தயார்.

நாளை வேலைக்கு வருவீர்களா? ஆஸ்தா மஞானா. வெள்ளி மாலை கிளம்பித் திங்கள் வருவீர்களா? ஆஸ்தா எல் லூனெஸ். அடுத்த வாரம்தானா? ஆஸ்தா லா செமானா கே ப்யேனே. எப்போது என்று தெரியாது, ஆனால் இன்னொரு முறை நிச்சயம் உண்டு என்றால் ஆஸ்தா லா ப்ரோக்ஸிமா, அதாவது அடுத்த முறை வரை. ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவதாக இருந்தால் ஸ்பெயினில் ‘ஆஸ்தா ஆவோரா’ என்பார்கள், ‘இப்போது வரை’ என்று. கேட்க விசித்திரமாக இருக்கும், பழகிவிட்டால் வசதி.

‘ஆஸ்தா ப்ரோன்த்தோ’ என்பதைக் கவனமாகக் கையாளுங்கள். ‘சீக்கிரம் வரை’ என்று பொருள். அன்பான சொல்தான். ஆனால் நாளைக்குப் பார்க்கப்போகிறவரிடம் இதைச் சொன்னால், நாளைக்கு வர மாட்டாரோ என்று நினைப்பார். தேதி தெரியாத இடத்துக்குத்தான் இது பொருந்தும். ஊருக்குக் கிளம்பும் நண்பர், விருந்துக்கு வந்து திரும்பும் உறவினர், இப்படி.

‘ஆஸ்தா லா விஸ்தா’ ஹாலிவுட் புண்ணியத்தில் உலகம் முழுக்கத் தெரியும். இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை, ஆனால் அன்றாடப் பேச்சில் அதைச் சொல்கிறவர்கள் அரிது. விட்டுவிடலாம். ‘ஆஸ்தா சியெம்ப்ரே’ என்றால் ‘என்றென்றும் வரை’. பணி ஓய்வு, நிரந்தரப் பிரிவு, இறந்தவருக்கு அஞ்சலி என்று கனமான இடங்களில் வருவது, மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தில் சொல்லக் கூடாது. ‘ஆஸ்தா நூங்கா’ என்றால் ‘ஒருபோதும் இல்லை வரை’. ‘இனி உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்’ என்பதன் ஸ்பானிஷ் வடிவம். புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அச்சு தமிழ்க்காரர்களுக்கு ஏன் சுலபம் என்றால், நாமும் பிரியும்போது திரும்பி வருவதைச் சேர்த்தே சொல்கிறோம். ‘போறேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், உள்ளேயிருந்து பாட்டியின் குரல் “போயிட்டு வர்றேன்னு சொல்லு” என்று திருத்தும். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்பானிஷில் என்ன சொல்வது என்று சந்தேகம் வரும்போதெல்லாம் ‘ஆஸ்தா’ போட்டு, அடுத்து எப்போது பார்ப்பீர்களோ அதைச் சொல்லுங்கள். தவறாகவே போகாது.

அதியோஸ்: எப்போது, எப்படி

‘ஆ தியோஸ்’ என்றால் ‘கடவுளிடம்’. ‘உன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கிறேன்’ என்ற பழைய வாக்கியம் தேய்ந்து இந்த ஒரு சொல்லாக நிற்கிறது. இன்று சொல்கிறவர்கள் யாரும் கடவுளை நினைத்துச் சொல்வதில்லை.

‘அதியோஸ்’ என்றால் நிரந்தரப் பிரிவு, சொல்லவே கூடாது என்று சில ஆசிரியர்கள் பயமுறுத்துவார்கள். அது பாதி உண்மைதான். நெருங்கிய நண்பரிடம், காதலரிடம், தனியாக, நிறுத்தி, கீழிறங்கும் குரலில் “அதியோஸ்” என்றால் கதவைச் சாத்துவது போலத்தான் கேட்கும். ஆனால் ஸ்பெயினில் கடையிலிருந்து கிளம்பும்போது “அதியோஸ், க்ராஸியாஸ்” என்று கலகலப்பாகச் சொல்வது மிகச் சாதாரணம். ‘க்ராஸியாஸ்’ நன்றி. போனை வைக்கும்போதும் “அதியோஸ், அதியோஸ்” என்று இரண்டு மூன்று முறை அடுக்குவார்கள். குரல்தான் எல்லாம்.

இன்னொரு பயன்பாடு பாடப் புத்தகத்தில் வராது. தெருவில் தெரிந்தவர் எதிரே வருகிறார், இருவரும் நிற்கப் போவதில்லை. அப்போது ‘ஓலா’வுக்குப் பதில் ‘அதியோஸ்’ என்பார்கள். பார்த்த கணமே பிரிகிறோம் என்பதால் வணக்கமும் விடையும் ஒரே சொல். ஸ்பெயினின் கிராமங்களில், கோஸ்டாரிக்காவில், நிகராகுவாவில் இதைக் கேட்கலாம். முதல் முறை கேட்கும்போது, ‘என்னைப் பார்த்ததும் ஏன் போகச் சொல்கிறார்’ என்று மனம் சங்கடப்படும். சங்கடப்பட வேண்டாம், நீங்களும் “அதியோஸ்” என்று சொல்லி நடந்துகொண்டே இருங்கள்.

‘போறேன்’ என்ற சொல் நமக்கு அபசகுனம். ஸ்பானிஷில் ‘மே வோய்’, ‘போகிறேன்’ என்று சொல்வதில் அப்படி எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அவர்களுக்கும் ஒரு சொல் உறுத்தும். இரவு நண்பர்களோடு குடித்துக்கொண்டிருக்கையில் கடைசிக் கோப்பை வரும்போது ஸ்பெயினில் பலர் அதை ‘லா ஊல்த்திமா’, கடைசி, என்று சொல்ல மாட்டார்கள். ‘லா பெனூல்த்திமா’, கடைசிக்கு முந்தையது, என்பார்கள். கடைசி என்றால் வாழ்க்கையின் கடைசி என்று ஆகிவிடுமாம். இதைக் கேட்ட அன்று எனக்கு என் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது.

கிளம்புவதற்கு முன் கிளம்புவது

நம் வீடுகளில் ‘சரி… அப்புறம்…’ என்று ஒருவர் இழுத்தால் கிளம்பப் போகிறார் என்று பொருள். எழுந்திருக்கப் பத்து நிமிடம், வாசலில் கால் மணி நேரம், செருப்பு மாட்டிய பிறகு ஒரு புதுக் கதை. ஸ்பானிஷ் வீடுகளும் இப்படியேதான். எழுந்து நின்று “ஆஸ்தா லுவேகோ” என்று சொல்லிவிட்டு நேரே வாசலைத் தாண்டினால் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள்.

முதல் குறி ‘புவேனோ’. ‘நல்லது’ என்று பொருள், வேலை நம் ‘சரி’யின் வேலை. தொடையில் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு “புவேனோ…” என்று ஒருவர் சொன்னால் கூட்டம் கலையத் தொடங்குகிறது. ஸ்பெயினில் ‘புவேஸ் நாதா’ என்றும் வரும், ‘அப்போ வேறொன்றுமில்லை’ என்பது போல. அடுத்தது காரணம்: ‘மே தெங்கோ கே இர்’, நான் போக வேண்டியிருக்கிறது. ‘யா மே வோய்’, இதோ கிளம்புகிறேன். அர்ஜென்டினாவில் ‘மே வோய் யெந்தோ’ என்பார்கள், நம் ‘கிளம்பிட்டே இருக்கேன்’ மாதிரி. உட்கார்ந்தபடியே சொல்லலாம், அதற்கப்புறம் இன்னும் அரை மணி நேரம் பேசலாம். நேரில் ஒருவரிடம் பேச்சை முடிக்கவும் போனை வைக்கவும் ‘தே தேஹோ’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் ‘உன்னை விடுகிறேன்’. நம் ‘சரி, வச்சிடட்டுமா’வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பெரியவர்களிடம் ‘லே தேஹோ’.

யாரிடமும் சொல்லாமல் நழுவுவதற்கு ஸ்பெயினில் ‘தெஸ்பெதீர்ஸே ஆ லா ஃப்ரான்ஸேஸா’ என்று பெயர், பிரெஞ்சு முறையில் விடைபெறுவது. பெயரிலேயே குறை சொல்லும் தொனி இருக்கிறது. எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் வீட்டுக்காரரிடமாவது சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

இந்த இடத்தில் தமிழர்கள் பலரும் செய்யக்கூடிய ஒரு தவறு இருக்கிறது. யாராவது நம்மைக் கூப்பிட்டால் நாம் ‘வர்றேன்’ என்போம். அதை அப்படியே ‘பேங்கோ’ என்று மொழிபெயர்த்தால் ஸ்பானிஷ்காரருக்குப் புரியாது. கூப்பிடுகிற இடத்துக்கு நாம் போவதால் அங்கே ‘வோய்’ அல்லது ‘யா வோய்’, அதாவது ‘போகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘பேங்கோ’ வருவது வேறு இடத்தில். இருக்கும் இடத்தை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்புவதானால் ஸ்பெயினில் ‘ஆவோரா பேங்கோ’, லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் ‘யா பேங்கோ’, மெக்சிகோவில் ‘ஆவொரீத்தா பேங்கோ’. நம் ‘இதோ வந்துடறேன்’ இதுதான்.

நீயும் நீங்களும்

‘பார்த்துப் போ’, ‘உடம்பைப் பார்த்துக்கோ’ என்பதற்கு ‘க்வீதத்தே’. இது ‘தூ’ என்று அழைக்கும் ஆளுக்கு, நம் ‘நீ’. ‘உஸ்தெத்’, நம் ‘நீங்கள்’, என்று அழைப்பவரிடம் ‘க்வீதெஸே’. பலர் இருந்தால் ‘க்வீதென்ஸே’. ஸ்பெயினில் நண்பர் கூட்டத்திடம் மட்டும் ‘க்விதாவோஸ்’. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ என்பதால் அதே சொல் ‘க்விதாத்தே’ என்று அழுத்தம் மாறி வரும். கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் வீட்டுக்குள்ளேயே, நண்பர்களுக்குள்ளேயே ‘உஸ்தெத்’ போடுகிறவர்கள் உண்டு, அதனால் அங்கே ‘க்வீதெஸே’ கேட்டால் உங்களைத் தள்ளி வைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் எதிரே இருப்பவர் உங்களிடம் எதைப் போடுகிறாரோ அதையே போடுங்கள். வயதானவர்களிடம் ‘நீங்கள்’ போட்டுத் தொடங்குவது எந்த நாட்டிலும் குற்றமாகாது.

‘நல்லபடியாகப் போகட்டும்’ என்று வாழ்த்துவது ‘கே தே வாயா ப்யென்’, நீங்கள் என்றால் ‘கே லே வாயா ப்யென்’. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் கடைக்காரர்கள் இதை மனமார வாழ்த்தாகச் சொல்வார்கள். ஸ்பெயினில் இதையே விறைப்பாகச் சொன்னால் ‘எப்படியோ போ’ என்ற பொருளும் வந்துவிடும். சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.

நாட்டுக்கு நாடு

‘ஆஸ்தா லுவேகோ’வுக்கு அடுத்து எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும் சொல் ‘நோஸ் வேமோஸ்’, பார்க்கலாம். நண்பர்களிடம் இதுவே முதல் தேர்வு. மெக்சிகோவில் ‘ஆயீ நோஸ் வேமோஸ்’ என்று நீட்டுவார்கள்.

அப்புறம் ‘ச்சாவ்’. அர்ஜென்டினா, உருகுவே, பெரு, பொலிவியா நாடுகளில் ‘ச்சாவ்’, சிலி, கொலம்பியா, வெனிசுவேலா, ஸ்பெயினில் ‘ச்சாவோ’ என்று எழுதுவார்கள். நம் காதுக்கு ‘சாவு’ போலக் கேட்டு முதலில் திடுக்கிடும். கிளம்பும் நேரத்தில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க எனக்குப் பல நாள் மனம் வரவில்லை. ஆனால் அதன் வேர் தெரிந்த பிறகு சரியாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அர்ஜென்டினாவுக்குக் குடிவந்த இத்தாலியர்கள் கொண்டுவந்தது. வெனிஸ் நகரப் பேச்சில் அதற்கு மூலப் பொருள் ‘உங்கள் அடிமை’. வைணவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போதும் பிரியும்போதும் ‘அடியேன்’ என்று சொல்வது போல எடுத்துக்கொண்டேன். இத்தாலியில் சந்திக்கும்போதும் பிரியும்போதும் இதைச் சொல்வார்கள், ஸ்பானிஷில் பிரியும்போது மட்டும். சிலியில் ‘ச்சாயீத்தோ’, பெருவில் ‘ச்சாவ்ஸீத்தோ’ என்று செல்லமாகக் குறைத்தும் சொல்வார்கள்.

மெக்சிகோவில் ஆங்கிலத்தின் ‘பை’யே தாராளமாகப் புழங்குகிறது, போன் பேச்சு அநேகமாக ‘பை’யில்தான் முடியும். அங்கே உணவகத்திலிருந்து கிளம்பும்போது ஒரு நல்ல வழக்கம் உண்டு. மற்ற மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தெரியாதவர்களைத் தாண்டிப் போகும்போது “ப்ரோவேச்சோ” என்பார்கள், சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்ற பொருளில். அவர்கள் வாயில் கவளத்தோடு “க்ராஸியாஸ்” என்பார்கள். கூட்டத்தை விட்டு எழுந்து போகும்போது “கோன் பெர்மீஸோ”, அனுமதியோடு, என்று கேட்பதும் அங்கே நல்ல வளர்ப்பின் அடையாளம். கோஸ்டாரிக்காவில் ‘பூரா வீதா’ வணக்கத்துக்கும் நலமாக இருப்பதற்கும் விடைபெறுவதற்கும் சேர்த்து ஒரே சொல். ஸ்பெயினுக்குள்ளேயே பாஸ்க் பகுதியில் ஸ்பானிஷ் பேசி முடித்து ‘அகூர்’ என்பார்கள், கத்தலோனியாவில் ‘அதேவு’. இரண்டும் அந்தந்த வட்டார மொழிச் சொற்கள். நீங்களும் சொல்லிப் பாருங்கள், கடைக்காரரின் முகம் மலரும்.

இவற்றிலெல்லாம் என்னை நிறுத்திவைத்தது வெனிசுவேலாவின் வழக்கம். வேலை செய்த இடத்தில் அந்த நாட்டுப் பெண் ஒருவர் தினமும் மதியம் அம்மாவுக்குப் போன் செய்வார். வைக்கும் முன் “பெந்திஸியோன், மமா” என்பார். ஆசீர்வாதம் கேட்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து “தியோஸ் தே பெந்தீகா”, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், என்று வந்த பிறகுதான் போனை வைப்பார். வெனிசுவேலாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் புவேர்த்தோ ரிக்கோவிலும் பிள்ளைகள் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் வரும்போதும் போகும்போதும் இப்படிக் கேட்பது வழக்கம். காலில் விழுந்து விபூதி பூசிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்டுக்காரர் வீட்டில் தங்க நேர்ந்தால், கிளம்பும்போது வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில் சொல்ல ஒரு சொல்

வாழ்த்து வந்தால் என்ன சொல்வது? ‘இகுவால்மென்த்தே’. உங்களுக்கும் அப்படியே. ‘புவேன் ஃபீந்தே’, நல்ல வார இறுதி, என்றாலும், ‘கே தெங்காஸ் ஊன் புவேன் தீயா’, நல்ல நாளாகட்டும், என்றாலும் ‘க்ராஸியாஸ், இகுவால்மென்த்தே’ போதும். ‘ஆஸ்தா’ குடும்பத்துச் சொற்களுக்கு அதையே திருப்பிச் சொல்லலாம்.

‘புவேனாஸ் நோச்செஸ்’ இரவில் சந்திக்கும்போதும் பிரியும்போதும் வரும். படுக்கப் போகிறவரிடம் ‘கே தெஸ்கான்ஸெஸ்’, நன்றாக ஓய்வெடு. இதோடு ‘என் பாஸ்’, அமைதியில், என்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். ‘தெஸ்கான்ஸே என் பாஸ்’ கல்லறையில் எழுதுவது.

போன், செய்தி, கடிதம்

ஸ்பெயினில் போனை வைப்பது ஒரு இறங்குபடிக்கட்டு. “பேங்கா… பாலே… புவேனோ, தே தேஹோ… பேங்கா, ஆஸ்தா லுவேகோ… அதியோஸ், அதியோஸ்.” ஒரு படியைத் தாண்டிச் சட்டென்று வைத்தால் லைன் கட்டாகிவிட்டது என்று திரும்ப அழைப்பார்கள். ‘பாலே’ என்றால் சரி. அர்ஜென்டினாவில் அதன் இடத்தில் ‘தாலே’: “தாலே, ஊன் பேஸோ, ச்சாவ்.”

‘ஊன் பேஸோ’ ஒரு முத்தம். ‘ஊன் அப்ராஸோ’ ஒரு அணைப்பு. செய்தியின் முடிவில் இவை வந்தால் வேறு அர்த்தம் எடுக்கக் கூடாது. ஆண் நண்பர்கள் ஒருவருக்கொருவர் ‘ஊன் அப்ராஸோ’ போடுவார்கள், நீங்களும் போடலாம். அலுவலக மின்னஞ்சலுக்கு ‘ஊன் ஸலூதோ’ அல்லது ‘ஸலூதோஸ்’. விண்ணப்பம், அரசு அலுவலகம் என்றால் ‘அத்தென்த்தாமென்த்தே’, நம் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ இடத்தில்.

நேரில் பிரியும்போது சொல்லோடு உடலும் சேரும். ஸ்பெயினில் பெண்களுக்குள்ளும் ஆண்-பெண்ணுக்குள்ளும் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம், ஆண்களுக்குள் கைகுலுக்கல் அல்லது தோள்தட்டும் அணைப்பு. மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினாவில் ஒரு கன்னம்தான். அர்ஜென்டினாவில் ஆண் நண்பர்களும் கன்னம் ஒட்டிக்கொள்வார்கள். உதடு படாது, கன்னத்தோடு கன்னம் தொட்டு காற்றில் ஒரு சத்தம், அவ்வளவே. விருப்பமில்லை என்றால் முன்னதாகவே கையை நீட்டிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரவு யாருடைய வீட்டிலிருந்தாவது கிளம்பினால், எல்லாச் சொல்லும் முடிந்து, முத்தமும் முடிந்து, நீங்கள் படியிறங்கத் தொடங்கிய பிறகு மேலேயிருந்து ஒரு குரல் வரும்: “அவீஸாமே குவாந்தோ யேகெஸ்!” போய்ச் சேர்ந்ததும் சொல். நம் அம்மா சொல்வது அதேதான். வீட்டுக்கு வந்து சாவியை வைத்ததும் ‘யா எஸ்த்தோய் என் காஸா’, வீட்டில் இருக்கிறேன், என்று ஒரு வரி அனுப்புங்கள். அது வரும் வரை அங்கே ஒருவர் விளக்கை அணைக்காமல் இருப்பார்.